கேள்வி – பதில்: புத்தகம், சைக்கிள், கிணறு, மொட்டைமாடி

முழு ஆண்டுத் தேர்வு முடியும் சமயத்தில் வரும் கடிதங்களில் பாதி "என்ன படிக்கலாம்?" என்று கேட்பவை. மீதி "எங்கே போகலாம்?" என்பவை. இந்த முறை இரண்டு கட்டையும் கலந்து பிரித்தோம். நூலகம், கல்வெட்டு, நீச்சல், வானம் என அந்தந்த வேலையை அறிந்தவர்கள் பதில் தந்திருக்கிறார்கள்.

ஆசையாகத்தான் நாவலை எடுக்கிறேன். இருபது பக்கம் தாண்டுவதற்குள் கை போனுக்குப் போய்விடுகிறது. அப்புறம் அந்தப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எனக்கு வாசிப்பு வராதா?
– 9-ஆம் வகுப்பு மாணவி, விருத்தாசலம்

வரும். நீங்கள் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பெரிய நாவல்களில் முதல் இருபது, முப்பது பக்கங்களில்தான் ஊரும் உறவும் பெயர்களும் மொத்தமாக வந்து இறங்கும். யார் யாருக்கு மாமா என்று பிடிபடாமல் அடுத்த பக்கம் போனால் சலிப்பு வராமல் என்ன செய்யும்? ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர்களையும் உறவுமுறையையும் எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்துப் பெயர் எழுதிய பிறகு அந்தத் துண்டைப் பார்க்கும் தேவை தானாகக் குறைந்துவிடும்.

அடுத்து, உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் சாதாரணமாகப் படியுங்கள். ஐந்து பக்கம் நகர்ந்தால் மணிக்கு 30 பக்கம். 240 பக்க நாவலுக்கு எட்டு மணி நேரம். தினம் 40 நிமிடம் உட்கார்ந்தால் 12 நாளில் முடிந்துவிடும். "இந்த லீவில் 25 புத்தகம்" என்று சபதம் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நான்காம் நாளே பின்தங்கி, எட்டாம் நாள் விட்டுவிடுகிறார்கள். மூன்று புத்தகம் போதும்.

போனைச் சைலன்ட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் பலன் இல்லை. அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். எழுந்து நடந்தால்தான் கைக்கு வரும் என்ற தூரம் இருக்க வேண்டும். நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் அமைந்தால் நல்லது. மே மாதத்து மதியம் இரண்டு மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தால் யாருக்கும் பத்தாவது பக்கத்தில் தூக்கம்தான்.

ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். குற்றவுணர்ச்சி வேண்டாம், பரீட்சையா எழுதப் போகிறீர்கள்? ஆனால் ஐந்தாம் பக்கத்திலேயே முடிவு கட்டாதீர்கள். நாவலே கனமாகத் தெரிந்தால் பத்து நாள் சிறுகதை படியுங்கள். ஒரே உட்காரலில் ஒன்றை முடிப்பது பழகினால் நீளம் தன்னால் கூடும்.

கதைப் புத்தகம் படித்தால் மார்க் வருமா?
– ஒரு தந்தை, நாமக்கல்

நேராக வராது ஐயா. கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் மட்டும் குறையும். விடுமுறையில் பையன் நாவல் படிக்கும்போது "இதில் என்ன தெரிந்துகொண்டாய், சொல்" என்று வாய்மொழித் தேர்வு நடத்தாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக என்ன வேண்டும்? உள்ளே போனால் எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.
– 10-ஆம் வகுப்பு மாணவர், முசிறி

முகவரிச் சான்றுக்கு ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், சிறு வைப்புத்தொகை. இவ்வளவுதான் வழக்கமாகக் கேட்பார்கள். வைப்புத்தொகை, உறுப்பினர் பதிவை முடித்துக்கொள்ளும்போது திரும்பக் கிடைக்கும். தயங்காமல் போங்கள், வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வந்தது முதலில் இங்கேதான். அதற்காக உழைத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். ஆக, உங்கள் வீட்டுப் பணம் ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதால் மாணவர்களுக்கு வசதிதான். வாசல் பலகையில் நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நண்பகலில் பூட்டி மாலையில் திறக்கும் நூலகங்களும் உண்டு.

தேடுவதற்கு: புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஓர் எண் இருக்கும். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூவி முறையில் அடுக்கியிருந்தால் 894.811 என்பது தமிழ் இலக்கியம். 520 வானியல், 598 பறவைகள், 796 விளையாட்டு, 910 பயணம், 954 இந்திய வரலாறு. இந்த ஆறு எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போனால் யாரையும் கேட்காமல் அலமாரிக்கு நடக்கலாம். எண்ணே இல்லாமல் குவிந்திருக்கும் சிறு நூலகங்களும் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே நூலகரின் ஞாபகம்தான் பட்டியல். "நல்ல புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்காதீர்கள். "கடலில் நடக்கிற கதை வேணும்", "சிறையிலிருந்து எழுதினது வேணும்" என்று கேளுங்கள். கை எங்கே போக வேண்டும் என்று அவருக்கு உடனே தெரியும்.

சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் இருந்தால் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஒரு முழு நாளைக் கழிக்கத் தக்கவை. நூலகம் எட்டாத தூரம் என்றால், உரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள் இணையத்தில் மதுரைத் திட்டத்திலும் தமிழிணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாக உண்டு. போன் திரையில் பிடிஎஃப் படிப்பது மட்டும் கொடுமை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கிவரும் வடிவத்தைத் தேடி எடுங்கள்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் படித்து முடித்தோம். விடுமுறையில் நண்பர்கள் நான்கு பேர் வந்தியத்தேவன் குதிரையில் வந்த வழியில் சைக்கிளில் போகத் திட்டம். சிதம்பரத்திலிருந்து தஞ்சாவூர் வரை போய் வரலாமா?
– 11-ஆம் வகுப்பு மாணவர், சிதம்பரம்

தஞ்சாவூர் வரை சைக்கிள் வேண்டாம். வழியெல்லாம் லாரியும் பஸ்ஸும். மே வெயில் வேறு. முதல் அத்தியாயங்கள் நடக்கும் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தை ஒரே நாளில் சைக்கிளில் முடிக்கலாம். கும்பகோணம், பழையாறை, தஞ்சாவூரை இன்னொரு நாள் பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராகுங்கள். கதை தொடங்குவது ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று. கடல் போல விரிந்த வீரநாராயண ஏரி (இன்றைய வீராணம்), மதகுகளில் பாயும் தண்ணீர் எல்லாம் ஆடியின் காட்சி. நீங்கள் போவது மே மாதம். வீராணத்துக்குத் தண்ணீர் மேட்டூரில் புறப்பட்டு, கொள்ளிடத்தில் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றில் திரும்பி வருகிறது. மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. அதனால் கோடையில் ஏரி பெரும்பாலும் வற்றிச் சுருங்கித்தான் கிடக்கும். முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் இதிலிருந்து போகிறது. வற்றிய ஏரிக்கும் ஒரு பயன் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் எழுப்பிய கரை எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்று தண்ணீர் இல்லாதபோதுதான் கண்ணுக்கு எட்டும். நுரை பொங்கும் காட்சிதான் வேண்டும் என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போங்கள்.

இனி திட்டம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் ஏறக்குறைய 25 கி.மீ. சமதளம், மேடே இல்லை. மணிக்கு 12 கி.மீ. என்று வைத்தாலும் இரண்டே கால் மணி நேரம். காலை ஐந்தரைக்கு, வெளிச்சம் வரத் தொடங்கியதும் புறப்பட்டால் எட்டு மணிக்குள் போய்ச் சேரலாம். முதலில் வீரநாராயணப் பெருமாள் கோயில். ஆழ்வார்க்கடியான் நடமாடும் வீரநாராயணபுரம் இந்த ஊர்தான். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்ததும் இங்கே. அடுத்து உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். இந்தப் பயணத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏனென்றால் கதையின் முடிச்சு இங்கே கல்லில் இருக்கிறது. கருவறையின் மேற்குச் சுவரில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் 'கொன்று துரோகிகளான' சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவர்களைப் பெயர் சொல்லி, அவர்களுக்கும் உறவினர்களுக்கும் உரிய நிலம் பறிக்கப்பட்டு விற்கப்பட்டதைச் சொல்கிறது. நாவலில் நீங்கள் பார்த்த ரவிதாசன் கற்பனைப் பெயர் இல்லை. அதே சமயம், கொலை எங்கே, எப்படி, யார் தூண்டி நடந்தது என்று கல்வெட்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நாவலாசிரியர் வேலை செய்திருக்கிறார். எது கல், எது கதை என்று அங்கேயே நின்று பிரித்துப் பார்க்கலாம்.

கல்வெட்டைப் படிக்க முடியுமா? முழுதும் முடியாது, கொஞ்சம் முடியும். சோழர் காலத் தமிழெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. 'க' என்று இருப்பதை இடம் பார்த்து 'க்' என்று படிக்க வேண்டும். எகர, ஒகரத்தில் குறிலும் நெடிலும் ஒரே மாதிரி. 'ர' எழுத்தும் துணைக்காலும் ஒன்று போலவே நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, வரி முடிந்தால் சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்கு ஓடும். தொடக்கத்தில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' கிரந்த எழுத்தில் வரும். அதைக் கண்டுபிடித்தால் கல்வெட்டின் தலை கிடைத்த மாதிரி. அதன்பின் 'கோ', 'ராஜகேசரி', 'யாண்டு' என்ற சொற்களைத் தேடுங்கள். 'யாண்டு'வுக்கு அடுத்து நிற்பது ஆட்சியாண்டு, ௨ என்றால் இரண்டு. 'திருமகள் போல' என்று தொடங்கும் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தியை (அரசனின் புகழ் சொல்லும் முன்பகுதியை) இதில் தேடாதீர்கள்; ராஜராஜன் அதைச் சேர்த்தது சில ஆண்டுகள் கழித்து.

நேர் வெயிலில் எழுத்து தெரியாது. காலையில் அல்லது மாலையில் சாய்ந்த வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு வரும்போது பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். உள்பக்கம் இருட்டாக இருந்தால் ஒருவர் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க, இன்னொருவர் ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம், அதுவும் கோயிலில் அனுமதி கேட்டுவிட்டு. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டி அடுத்த வருடம் இன்னும் மோசமாகும்.

மதியம் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை சைக்கிளைத் தொடாதீர்கள். கோயில் நடையும் பெரும்பாலும் நண்பகலில் சாத்திவிடும். பத்து மணிக்கு முன் நேரமும் தெம்பும் இருந்தால் சில கி.மீ. தள்ளி மேலக்கடம்பூர். கதையில் சம்புவரையர் மாளிகை இருக்கும் கடம்பூர். மாளிகை எதுவும் இல்லை. ஆனால் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் வடிவில் கருவறை கொண்ட அமிர்தகடேசுவரர் கோயில் இருக்கிறது. அது முதலாம் குலோத்துங்கன் காலத்தது, அதாவது கதைக்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியது. வந்தியத்தேவன் அதைப் பார்த்திருக்க முடியாது. அந்தப் பக்கம் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரமும் அப்படித்தான். கதை நடக்கும்போது அந்தத் தலைநகரை எழுப்பிய ராஜேந்திரன் அரியணைக்கே வரவில்லை.

மாலை நான்கு மணிக்குத் திரும்பினால் ஆறேகாலுக்குள் சிதம்பரம். இருட்டிய பிறகு பின்விளக்கு இல்லாத சைக்கிள் அந்தச் சாலைக்கு ஆகாது. நேரம் தவறிவிட்டதா, சைக்கிளைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

அதே பயணத்துக்குச் சைக்கிளில் என்னென்ன சரிபார்க்க வேண்டும்? போன முறை பஞ்சர் ஒட்டி அரை மணி நேரத்தில் மறுபடி காற்று இறங்கிவிட்டது.
– அதே குழுவின் இன்னொரு மாணவர்

மறுபடி இறங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் ஒட்டு இல்லை, முள். சீமைக் கருவேல முள் டயருக்குள் நுனி ஒடிந்து நின்றுவிடும். வெளியே தெரியாது. ட்யூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். துணியை வைத்துத் தடவினால் விரல் தப்பிக்கும். முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அதைப் பிடுங்காமல் எத்தனை ஒட்டு போட்டாலும் வீண்.

இரண்டாவது தவறு அவசரம். ஓட்டை இருக்கும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகும் வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, சொல்யூஷன் தடவியதும் உடனே ஒட்டக் கூடாது. நான்கைந்து நிமிடம் காயவிட்டு, தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுக்கென்று மட்டும் இருக்கும்போது பேட்ச்சை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போது வைத்தால் காற்றடித்ததும் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

நான்கு பேருக்கு ஒரு பம்ப், ஒரு பஞ்சர் கிட், டயர் நெம்பி இரண்டு, 15-ஆம் நம்பர் ஸ்பேனர், சைக்கிள் அளவுக்கு ஒரு உபரி ட்யூப் போதும். சீட் உயரம்: உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் பதினைந்தாவது கிலோமீட்டரில் முட்டி வலிக்கும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல், கண்ணளவில் போடாதீர்கள். யாராவது தலைவலி, குமட்டல் என்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. பேச்சு குழறினால், உடம்பு கொதித்து வேர்வை நின்றால் நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

மகன் ஒன்பதாவது முடித்திருக்கிறான். தாத்தா ஊருக்குப் போய்க் கிணற்றில் நீச்சல் பழகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விடலாமா?
– ஒரு தாய், திருப்பூர்

கிணற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் அம்மா. படிக்கட்டு உள்ள, தண்ணீர் தெளிந்த, தினமும் யாராவது நீந்தும் கிணறு என்றால், கூடவே நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீரிலேயே இருந்தால், விடலாம். இரும்பு ஏணி மட்டும் இருக்கும் கிணறு வேண்டாம். பல வருடம் யாரும் இறங்காத பாழுங்கிணறு கூடவே கூடாது. அடியில் விஷவாயு தேங்கியிருக்கலாம். முக்கியமாக, பம்ப்செட்டின் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே ஆள் இறங்க வேண்டும். மோட்டாரை நிறுத்துவது போதாது, மெயின். நீர்மூழ்கி மோட்டாரின் வயர் எங்காவது தோல் உரிந்திருந்தால் தண்ணீரிலேயே மின்சாரம் பாயும்.

பழகும் வரிசை: முதல் இரண்டு நாள் படியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, மூக்கு மூழ்க முகத்தை அமிழ்த்தி வாயால் காற்றை ஊதிவிடுவது. அடுத்து, படியைப் பிடித்துக்கொண்டு உடம்பை மிதக்கவிட்டுக் கால் அடிப்பது. அதன்பின் மல்லாந்து மிதப்பது. கை வீசுவது கடைசி. பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முதல் நாளே மேலிருந்து குதிப்பார்கள். மல்லாந்து ஒரு நிமிடம் அசையாமல் மிதக்கத் தெரிந்தவன் களைத்துப் போனாலும் மூழ்க மாட்டான். அதுவரை குதிக்கத் தடை போடுங்கள். முன்பு சுரைக்குடுக்கை கட்டுவார்கள், இப்போது பிளாஸ்டிக் கேன். கேனை முதுகில் கட்டினால் முகம் தண்ணீர்ப் பக்கம் கவிழும் என்பதால் ஆள் பக்கத்தில் இல்லாமல் விடக் கூடாது. மூடி கழன்றால் கேனும் போச்சு.

கல் குவாரிக் குட்டைக்கு எப்போதும் தடை. விளிம்பு செங்குத்து, கால் ஊன்ற இடமில்லை, மேலே வெதுவெதுப்பாக இருந்து இரண்டாள் ஆழத்தில் சில்லென்று தாக்கும். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளமும் அப்படித்தான்: முழங்காலளவில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் காணாமல் போவான்.

யாராவது மூழ்கினால் குதிக்காதீர்கள் என்று நான்கு முறை சொல்லி அனுப்புங்கள். தவிப்பவர் காப்பாற்ற வந்தவரையும் கட்டிப் பிடித்து அமுக்குவார். வேட்டி, கயிறு, மூங்கில், மூடிய காலி கேன் எதையாவது எறிய வேண்டும். வெளியே எடுத்ததும் மூச்சு இல்லை என்றால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதோ வயிற்றை அமுக்குவதோ உதவாது. ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று 108 வரும் வரை தொடர வேண்டும்.

ஊட்டி மலை ரயிலில் போக வேண்டும். டிக்கெட் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.
– 10-ஆம் வகுப்பு மாணவி, ஈரோடு

மே மாத டிக்கெட், முன்பதிவு திறக்கும் அன்றே தீர்ந்துவிடும். முன்பதிவுக் காலம் இப்போது 60 நாள். அந்த நாள் காலையிலேயே உட்கார வேண்டும். கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்தில் ஏறும் ஆசையை விட்டு, பஸ்ஸில் குன்னூர் போய் அங்கிருந்து ஊட்டி வரை முயலுங்கள். பல்சக்கரத் தண்டவாளம் மட்டும் உங்களுக்குத் தப்பிப்போகும். அது கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். மொத்தம் 46 கி.மீ., ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பையில் ஒரு சிறுகதைத் தொகுப்பு இருக்கட்டும், ஆனால் திறக்க மாட்டீர்கள். சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ போவதாக இருந்தால் இ-பாஸ் நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கும் கூட்டிப் போக மாட்டேன் என்கிறார்கள். மொட்டைமாடி மட்டும்தான் எனக்கு. அங்கே என்ன செய்யலாம்?
– 9-ஆம் வகுப்பு மாணவர், தாம்பரம்

மே நடுவில், அமாவாசையை ஒட்டி, இரவு ஒன்பது மணிக்குப் போங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழக மறுபடி கால் மணி நேரமாகும்.

வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம், அகப்பை போல. காம்பின் நடு நட்சத்திரத்தை உற்றுப் பாருங்கள், ஒட்டியபடி மங்கலாக இன்னொன்று: வசிஷ்டரும் அருந்ததியும். கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டுவார்களே, அதை இங்கே நிஜமாகப் பார்க்கலாம். காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்ணீலமாகச் சித்திரை. தென்கிழக்கில் எழுந்துகொண்டிருக்கும் சிவப்பு நட்சத்திரம் கேட்டை, விருச்சிகத்தின் நெஞ்சு.

இப்போது நேர் தெற்கே திரும்புங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில் சாய்சதுரம் போல நான்கு நட்சத்திரம் தெரிந்தால் அது திரிசங்கு. டெல்லியில் இருப்பவர்களுக்கு இது கிட்டத்தட்டக் கிடைக்காத காட்சி. தெற்கில் உயரமான கட்டடம் இருந்தால் உங்களுக்கும் கிடைக்காது; தண்ணீர்த் தொட்டி மேல் ஏறாமல் பக்கத்து மாடியைக் கேளுங்கள்.

துருவ நட்சத்திரத்தையும் முஷ்டியால் அளந்து குறித்து வையுங்கள். சென்னை வட்டாரத்தில் அது 13 டிகிரி உயரத்தில் நிற்கும், கன்னியாகுமரியில் எட்டுதான். ஊரின் அட்சரேகையே அதன் உயரம். புவியியல் பாடத்தில் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தால் இந்த முறை புரியும்.

பள்ளி திறந்ததும் 'நான் விடுமுறையைக் கழித்த விதம்' எழுதச் சொல்வார்கள். எல்லாரும் எழுதுவது ஒரே மாதிரி இருக்கிறது. வேறு மாதிரி எழுத என்ன வழி?
– 10-ஆம் வகுப்பு மாணவி, சிவகங்கை

ஜூனில் யோசித்து எழுதினால் "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்றுதான் வரும், மற்றதெல்லாம் மறந்திருக்கும். இப்போதே 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இரவு படுக்கும் முன் மூன்று விஷயம் மட்டும்: அன்று பார்த்த ஓர் எண்ணிக்கை, யாரோ சொன்ன ஒரு வாக்கியம் சொன்னபடியே, எதிர்பார்த்தபடி நடக்காத ஒன்று.

"பாட்டி வீட்டுக்குச் சென்றோம், கிணற்றில் குளித்தோம்" என்பதற்குப் பதில், "பாட்டி வீட்டுக் கிணற்றில் பதினான்கு படி. இந்த வருஷம் ஏழு படி இறங்கினால்தான் தண்ணீர். 'போன வருஷம் மூணாம் படியிலேயே கால் நனைஞ்சுது' என்றார் பாட்டி" என்று எழுதினால் உங்கள் வகுப்பில் வேறு யாரும் அதை எழுதியிருக்க முடியாது. இரண்டு மாதத்தையும் ஒரே கட்டுரைக்குள் அடைக்காமல், ஒரு காலைப் பொழுதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படித்த புத்தகத்தைப் பற்றியும் இதே நோட்டில். கதைச் சுருக்கம் வேண்டாம், அது பின்னட்டையிலேயே இருக்கிறது. எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டு யோசித்தீர்கள், எந்தப் பாத்திரத்தோடு சண்டை போடத் தோன்றியது, எந்தச் சொல் புதிது என்று மட்டும் குறியுங்கள். சொல்லின் பொருளை உடனே தேடாமல் முதலில் ஊகித்து எழுதி, பிறகு அகராதி பாருங்கள். ஊகம் தவறிய சொற்கள்தான் பிறகு மறக்காது.

நூலகப் புத்தகத்தோடு குளத்தங்கரைக்குப் போனேன். மீதி சொல்ல வேண்டாம். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் நெளிந்து அட்டை முறுக்கிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். தண்ணீரை வடியவிட்டு, துணியில் ஒற்றி எடுத்து, இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாளைச் செருகுங்கள். செய்தித்தாள் மையை விடும். புத்தகத்தைச் சற்று விரித்தபடி நிறுத்தி வைத்து ஃபேனைப் போடுங்கள். மணிக்கொரு முறை தாளை மாற்ற வேண்டும். ஓரளவு காய்ந்ததும் மூடி, மேலே கனமான இரண்டு அகராதியை ஓரிரவு வையுங்கள். வழவழப்பான படத்தாள்கள் இருந்தால் முதலில் அவற்றைப் பிரியுங்கள். ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரியாது. இரண்டு நாளுக்குள் காய வைக்க முடியாவிட்டால் பூஞ்சணம் வந்துவிடும். பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, நேரம் கிடைக்கும்போது எடுத்துக் காய வைக்கலாம். வீட்டில் மீன் இருந்தால் தனித் தட்டில் வையுங்கள்.

நூலகரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பக்கம் கிழியாமல் இருந்தால் பெரும்பாலும் திட்டோடு போகும். கிழிந்திருந்தால் அதே புத்தகத்தின் புதுப் பிரதியை வாங்கித் தரச் சொல்வார்கள். நனைந்த பிரதி உங்களிடமே இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.